சிரமத்தை எங்கே வைப்பது? – டிஜிட்டல் குறிப்புகளும் படைப்பு வேலையும்

ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் 1998இல் இறந்தபோது ஏறத்தாழ 90,000 குறிப்புச் சீட்டுகளை விட்டுச் சென்றார். எல்லாம் அஞ்சலட்டை அளவுத் தாள்கள். கெட்டி அட்டை பெட்டியில் இடத்தை அடைக்கும் என்பதால் மெல்லிய தாளையே பயன்படுத்தினார். பழைய கணக்குத் தாள், பிள்ளைகள் படம் வரைந்த தாள் என்று ஒரு பக்கம் வெறுமையாக இருந்த எதுவும் சீட்டாகியிருக்கிறது. இந்தச் சீட்டுகளைக் கொண்டுதான் ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களையும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளையும் எழுதினார். பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் 2011இல் அவருடைய ஆவணங்களைப் பெற்றுக்கொண்டது. 2019 முதல் சீட்டுகளின் மின்படிகளை இணையத்தில் யாரும் படிக்கலாம்.

கடந்த சில ஆண்டுகளில் வந்த ரோம் ரிசர்ச், ஆப்சிடியன், லாக்செக் போன்ற குறிப்புச் செயலிகளைப் பயன்படுத்துவோர் லூமனின் பெட்டியைக் குலதெய்வமாகவே கொண்டாடுகிறார்கள். ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு, அங்கிருந்து திரும்பி வர எதிரிணைப்பு, எல்லாவற்றையும் புள்ளிகளும் கோடுகளுமாகக் காட்டும் வரைபடம் என்று அவர் கையால் செய்ததையெல்லாம் இந்தச் செயலிகள் நொடியில் செய்கின்றன. இருந்தும் ஆயிரக்கணக்கில் குறிப்பு சேர்த்துவைத்திருக்கும் எழுத்தாளரிடம் பேசினால் ஒரு குறை அடிக்கடி காதில் விழும்: எழுத உட்காரும்போது அதில் எதுவும் கைகொடுப்பதில்லை.

காகிதத்தில் குறிப்பெடுக்கும்போது சிரமம் இருந்தது. கையால் எழுத வேண்டும், எங்கே வைப்பதென்று முடிவெடுக்க வேண்டும், பெட்டி நிறைந்தால் யோசிக்க வேண்டும். அந்தச் சிரமத்தை வெறும் இடைஞ்சல் என்று நினைத்து டிஜிட்டல் கருவிகள் நீக்கிவிட்டன. உண்மையில் சிந்தனையில் பாதி அந்தச் சிரமத்துக்குள்தான் நடந்துகொண்டிருந்தது. எனவே டிஜிட்டல் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது என்றால் முதல் கேள்வி எந்தச் செயலி என்பதாக இருக்க முடியாது. எந்த இடத்தில் சிரமத்தைத் திரும்பக் கொண்டுவருவது, எந்த இடத்தில் விட்டுவிடுவது என்பதே கேள்வி.

108இலிருந்து 11க்கு

லூமனிடம் இரண்டு தொகுப்புகள் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் ஆரம்பித்த முதல் தொகுப்பில் சுமார் 23,000 சீட்டுகள். அவை 108 பொருள் தலைப்புகளின்கீழ் பிரிக்கப்பட்டிருந்தன. 1960களின் தொடக்கத்தில் அவர் புதிதாக இன்னொரு தொகுப்பைத் தொடங்கினார். முதலாவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாக, சுமார் 67,000 சீட்டுகளாக வளர்ந்த அந்த இரண்டாம் தொகுப்பில் மேல்மட்டத் தலைப்புகள் பதினொன்றுதான். சீட்டுகள் பெருகப் பெருகத் தலைப்புகள் குறைந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் செய்வது இதற்கு நேரெதிர். குறிப்பு சேரச் சேரக் கோப்புறைக்குள் கோப்புறை என்று கிளை பிரித்துக்கொண்டே போகிறோம்.

தலைப்புகள் குறைந்தும் அந்தத் தொகுப்பு குழம்பாமல் இருந்ததற்கு எண் முறை ஒரு காரணம். 57/12 என்று ஒரு சீட்டு; அடுத்தது 57/13. பின்னாளில் 57/12இல் உள்ள ஒரு சொல்லைத் தொட்டு வேறொரு எண்ணம் வந்தால் அது 57/12a ஆகிறது. அதிலிருந்து இன்னொன்று கிளைத்தால் 57/12a1. ஒரு சீட்டு எந்தப் பொருளைச் சேர்ந்தது என்று லூமன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இது எந்தச் சீட்டுக்குப் பின்னால் வர வேண்டும் என்றே கேட்டார். அதற்குப் பதில் தேட பழைய சீட்டுகளைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஆக, புதிய சீட்டு ஒன்று உள்ளே போகும்போதெல்லாம் பழையவற்றுள் சில மறுபடியும் படிக்கப்பட்டன. எழுதி வைத்ததை மறந்துவிடாமல் இருக்க அவர் தனியாக எந்த ஏற்பாடும் செய்யத் தேவையில்லாமல் போயிற்று.

அவருடைய சொல்லடைவும் கஞ்சத்தனமானது. ஒரு சொல்லுக்கு எதிரே அது வரும் எல்லா இடங்களையும் அவர் பட்டியலிடவில்லை. ஓரிரு சீட்டு எண்கள் மட்டும் கொடுத்தார். அவை உள்ளே நுழைவதற்கான வாசல்கள். அதன்பின் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். போகும் வழியில் தேடாத ஒன்று எதிர்ப்படும். 1981இல் தம் பெட்டியைப் பற்றி எழுதிய கட்டுரையில் லூமன் அதை உரையாடும் துணையாகவே பேசுகிறார். தனக்கே வியப்பூட்டும் ஒன்றைப் பெட்டி எடுத்துத் தர வேண்டும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு.

எதிரான சான்றுக்கு முதலிடம்

லூமன் கோட்பாட்டாளர். தரவுகளிலிருந்து நூல் செய்தவர் எப்படிக் குறிப்பெடுத்தார் என்று பார்க்க சார்லஸ் டார்வினிடம் போகலாம். தம் சுயசரிதையில் அவர் தம் வழக்கத்தை விவரித்திருக்கிறார். பெயர்ச்சீட்டு ஒட்டிய அலமாரித் தட்டுகளில் முப்பது நாற்பது பெரிய காகித உறைகளை வைத்திருந்தார். உதிரிக் குறிப்பு எது கிடைத்தாலும் உரிய உறையில் போட்டுவிடுவார். சொந்தமாக வாங்கிய நூல்களின் கடைசிப் பக்கத்தில், தம் வேலைக்கு வேண்டிய செய்திகளுக்கு மட்டும் ஒரு சிறு அடைவு எழுதுவார். ஒரு பொருளைப் பற்றி எழுதத் தொடங்குமுன் அந்தச் சிறு அடைவுகளையெல்லாம் திரட்டிப் பொது அடைவு ஒன்று தயாரித்து, உரிய உறையையும் எடுத்து வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது மேசைக்கு வந்துவிடும்.

நூல் என்ற பொருள்மீது அவருக்குப் பக்தி இருக்கவில்லை. கனமான புத்தகத்தைக் கையில் பிடித்துப் படிக்க வசதியாக இரண்டாக வெட்டிவிடுவார் என்று அவருடைய மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். நூலகத்துக்கு நேர்ந்துவிட்டவராக அவர் இல்லை; கையிலிருந்த வேலைக்குக் கட்டுப்பட்டவராக இருந்தார். உறைகள் பிரிக்கப்பட்டதும் அந்த வேலைக் கணக்கில்தான்.

இன்னொரு வழக்கம் இதைவிட முக்கியம். தம் முடிவுகளுக்கு எதிரான ஒரு செய்தியோ எண்ணமோ கண்ணில் பட்டால் தவறாமல், உடனே எழுதிவைத்துவிடுவார். சாதகமானவற்றைவிடப் பாதகமானவையே நினைவிலிருந்து விரைவில் நழுவுகின்றன என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ தனக்கு எதிரான வாதங்களைத் தானே முன்கூட்டி எடுத்துப் பேசும் நூலாக இருப்பதில் இந்தப் பழக்கத்துக்குப் பங்குண்டு. நமக்குப் பிடித்ததை மட்டும் சேமிக்கும் பட்டன் எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. பிடிக்காததை எழுதிவைக்க வேண்டுமென்றால் அதற்கு நாமே ஒரு விதி செய்துகொள்ள வேண்டும்.

சேர்ப்பது மட்டுமே எழுத்தாகிவிடாது என்பதற்கு ஆக்டன் பிரபு சாட்சி. கேம்பிரிட்ஜில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த அவரிடம் பல்லாயிரக்கணக்கான நூல்களும் பெட்டி பெட்டியாகக் குறிப்புச் சீட்டுகளும் இருந்தன. சுதந்திரத்தின் வரலாற்றை எழுதுவது அவருடைய வாழ்நாள் திட்டம். 1902இல் அவர் இறந்தபோது அந்த நூல் எழுதப்பட்டிருக்கவில்லை. குறிப்புகள்தாம் நூலைக் கொன்றன என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம் என்ற மனநிலைக்கு முடிவில்லாத பெட்டிகள் நல்ல மறைவிடம். டிஜிட்டல் பெட்டிக்கு அடியே கிடையாது என்பதால் மறைவிடமும் பெரிது.

நகலெடுப்பது இலவசமானபோது

1945 ஜூலையில் ‘அட்லாண்டிக்’ இதழில் வானெவர் புஷ் ‘மெமெக்ஸ்’ என்ற கற்பனை எந்திரத்தை விவரித்தார். நுண்படச்சுருளில் நூல்களையும் கடிதங்களையும் சேமித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடம் போட்டுக்கொண்டே போகும் ஒரு மேசை அது. 1965இல் டெட் நெல்சன் இப்படி ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட உரைக்கு ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்று பெயரிட்டார். 1987இல் ஆப்பிளின் ஹைப்பர்கார்டும் 1995இல் வார்ட் கன்னிங்காமின் விக்கியும் வந்தன. தடம் போடும் தொழில்நுட்பம் படிப்படியாக எளிதாகி இன்று கைப்பேசிக்குள் இருக்கிறது. புஷ் கற்பனையில் தடத்தைப் போடுபவர் மனிதர். எதை எதோடு சேர்ப்பது என்ற தீர்மானம் அவருடையது. கருவி எளிதாக ஆக அந்தத் தீர்மானமும் தானாக நடந்துவிடும் என்ற மயக்கம் வந்துவிட்டது.

இன்று ஒரு பக்கத்தைச் சேமிக்க ஒரு தட்டு போதும். ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் சுட்டி, பிடிஎஃப், குரல் பதிவு என எல்லாம் குவிகின்றன. சேமித்தவுடன் படித்துவிட்டது போன்ற நிறைவும் வந்துவிடுகிறது. உளவியலாளர்கள் நார்மன் ஸ்லமெக்காவும் பீட்டர் கிராஃபும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். தரப்பட்ட சொற்களை வெறுமனே வாசித்தவர்களைவிட, கிடைத்த குறிப்பைக் கொண்டு அதே சொற்களைத் தாமே உருவாக்கியவர்கள் அவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். படித்ததைத் தன் சொல்லில் எழுதுவதற்கும் வெட்டி ஒட்டுவதற்கும் உள்ள வேறுபாடும் இதே திசையில்தான் இருக்கிறது.

சேமித்ததை நுணுக்கமாக அடுக்குவதிலாவது பயன் உண்டா? ஸ்டீவ் விட்டேக்கர் ஐபிஎம் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011இல் மின்னஞ்சல் பயன்படுத்தும் 345 பேரை ஆராய்ந்தார். விரிவாகக் கோப்புறைகள் பிரித்து வைத்திருந்தவர்கள் பழைய அஞ்சலைக் கண்டெடுப்பதில் மற்றவர்களைவிட அதிகம் வெற்றி பெறவில்லை. தேடலை நம்பியவர்கள் விரைவாகக் கண்டெடுத்தார்கள். அடுக்கியதற்குச் செலவான நேரம் திரும்பக் கிடைக்கவில்லை. மின்னஞ்சலும் எழுத்தாளரின் குறிப்பும் ஒன்றல்ல என்றாலும் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சிரமத்தை அடுக்குவதில் செலவிட்டால் அது அலமாரிக்குப் போகிறது. குறிப்பை எழுதுவதில் செலவிட்டால் எழுத்துக்குப் போகிறது.

ஒரே பக்கம், இரண்டு குறிப்புகள்

நாவலாசிரியர் ஒருவர் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைக் களமாக எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761 வரை ஓடுகிறது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்தபோது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநர் துய்ப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த பிள்ளை அதைப் பதிவு செய்திருக்கிறார்.

முதல் முறை: பிடிஎஃபிலிருந்து அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஒட்டுவது, ‘வரலாறு’, ‘புதுச்சேரி’, ‘கோயில்’ என்று மூன்று குறிச்சொற்கள் இடுவது. அரை நிமிட வேலை. இரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தால் அது பிள்ளையின் பக்கமாகவே இருக்கும். எதற்காக எடுத்தோம் என்பது அதில் இருக்காது. புதுச்சேரி என்ற குறிச்சொல்லின்கீழ் இன்னும் நானூறு பக்கங்கள் காத்திருக்கும்.

இரண்டாம் முறையில் குறிப்பின் தலைப்பு ஒரு முழு வாக்கியம்: ‘மொழி தெரிந்தவனிடம் ஊர் முறையிடுகிறது; அதிகாரம் அவனிடம் இல்லை.’ கீழே நாவலாசிரியர் தம் சொல்லில் நான்கு வரிகள் எழுதுகிறார். இடிப்பதைத் தடுக்க முடியாதவன் அதை எழுதி வைக்கிறான்; எழுதுவது அவனுக்குச் சாட்சியமா, தப்பித்தலா? நாட்குறிப்பின் தேதியும் பதிப்பின் பக்க எண்ணும் அதற்கடுத்த வரியில். பிறகு இரண்டு இணைப்புகள். ஒன்று, ஆளுநரின் மனைவி மதாம் துய்ப்ளேயின் செல்வாக்கைப் பற்றிய குறிப்புக்கு. மற்றொன்று, இன்றைய நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஒரு பாத்திரத்தைப் பற்றி வேறொரு சிறுகதைக்காக எழுதிவைத்த குறிப்புக்கு. இணைப்பின் பக்கத்தில் காரணம்: ‘தான் சொல்லாத சொல்லுக்கு இருவரும் பழியேற்கிறார்கள்.’

பத்து நிமிடம் பிடிக்கிற இந்தக் குறிப்பில் காட்சி ஒன்றின் கரு ஏற்கெனவே இருக்கிறது. காரணம் எழுதாத இணைப்பு சில மாதங்களில் ஊமையாகிவிடும் என்பதால் அந்த ஒரு வரிதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. செயலி வரைந்து காட்டும் வரைபடம் அழகாக இருக்கலாம். ஆனால் கோடு இருப்பதை மட்டுமே அது காட்டும், எதற்காக என்பதைக் காட்டாது.

மூன்றாவதாக ஒரு குறிப்பும் வேண்டும். ‘முற்றுகை அத்தியாயம்’ என்று ஒரு பக்கம்; அதில் இந்தக் குறிப்பும் உணவுத் தட்டுப்பாடு, பீரங்கிச் சத்தம், ஊரைவிட்டு வெளியேறியவர்கள் பற்றிய குறிப்புகளும் வரிசையாக. வரிசையை மாற்றி மாற்றிப் பார்க்கும் இடம் இது. டார்வினின் உறைக்கு இணையானது இதுதான். விளாடிமிர் நபக்கோவ் அடைவு அட்டைகளில் நாவல் எழுதியதும் இந்த வசதிக்காகவே. எந்தக் காட்சியை வேண்டுமானாலும் முதலில் எழுதலாம், பிறகு அட்டைகளை அடுக்கிக்கொள்ளலாம். அவர் முடிக்காமல் விட்ட கடைசி நாவல் 138 அட்டைகளாகவே கிடைத்து 2009இல் அச்சானது.

ஆக, படைப்பாளியிடம் இருப்பவை மூன்று வகை: பிறர் சொன்னது, தான் நினைத்தது, எழுதிக்கொண்டிருப்பது. முதல் வகையை அப்படியே கொட்டி வைக்கலாம். அடுக்க மெனக்கெட வேண்டியதில்லை, மூலத்தின் பெயரும் பக்கமும் இருந்தால் போதும். இரண்டாவதில்தான் சிரமம் வைக்கப்பட வேண்டும். மூன்றாவதில் சிரமமே இருக்கக் கூடாது. இழுத்தால் நகர வேண்டும், அழித்தால் அழிய வேண்டும். மூன்றையும் ஒரே குவியலில், ஒரே குறிச்சொல் முறையில் வைப்பதால்தான் பெரும்பாலான ஏற்பாடுகள் சரிகின்றன.

தமிழில் தேடினால் கிடைக்குமா?

எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தேடலை நம்பலாம் என்ற அறிவுரை ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு ஓரளவு பொருந்தும். தமிழில் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. பெரும்பாலான குறிப்புச் செயலிகள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே தேடுகின்றன. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வராது. ‘வீடு’ என்றால் ‘வீட்டை’ வராது, ‘ஆறு’ என்றால் ‘ஆற்றங்கரை’ வராது. சரி, ‘மர’ என்று மட்டும் கொடுத்தால் மரபும் மரணமும் சேர்ந்து வரும்.

பெயர்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. அதே ஆளுநர் ஒரு நூலில் துய்ப்ளே, இன்னொன்றில் டூப்ளே, வேறொன்றில் டியூப்ளே. ஊர் புதுச்சேரி, புதுவை, பாண்டிச்சேரி. கோயிலுக்கே கோவில் என்றும் எழுத்துண்டு. நாவலாசிரியரின் நானூறு குறிப்புகளில் எது எந்த வடிவில் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத கோளாறும் உண்டு. யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் சமமாக்கிப் பார்க்காத மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ‘கௌ’வில் வரும் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டிவிட்டாலும் இதே கதை. பிடிஎஃபிலிருந்து ஒட்டிய தமிழ் பல சமயம் கொம்பும் காலும் இடம் மாறித்தான் வந்து சேரும்.

இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒவ்வொரு சிந்தனைக் குறிப்பின் கடைசியிலும் முக்கியச் சொற்களை வேற்றுமை உருபு இல்லாமல் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஒரு பெயருக்கு ஒரே எழுத்துமுறையைத் தேர்ந்து, மற்ற வடிவங்களையெல்லாம் அந்தப் பெயருக்குரிய பக்கத்தில் மாற்றுப்பெயர்களாகக் குறித்து வைக்கலாம். ஆப்சிடியன் போன்றவற்றில் இதற்கு வசதியே உண்டு. தேடல் தரும் பலன் குறைவாக இருக்கும் மொழியில் எழுதுபவருக்கு லூமனின் இணைப்பு முறை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. சொல் மாறிப்போனாலும் இணைப்பு அறுவதில்லை.

கோப்பு யாருடையது

1990களில் தமிழைக் கணினியில் எழுதியவர்களுக்கு ஒரு பாடம் தெரியும். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று பலவகைக் குறியேற்றங்கள் புழங்கிய காலம் அது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கதை முழுதும் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகக் கிடக்கும். யூனிகோடில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தாலும் பரவலான பயன்பாட்டுக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. மாற்றிகளைக் கொண்டு பழைய கோப்புகளை மீட்டவர்கள் உண்டு. மீட்காமலே விட்டவர்களும் உண்டு.

செயலிகளின் ஆயுளும் நம்முடைய வேலையின் ஆயுளும் ஒன்றாக இருப்பதில்லை. கூகுள் நோட்புக் 2006இல் வந்து 2012இல் மூடப்பட்டது. எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள் என்று வரம்பு வைத்தது. ஒரு நாவலுக்குப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்பவர் இந்த முடிவுகளுக்குத் தம்மைக் கட்டிப்போட வேண்டியதில்லை. யூனிகோடில் எழுதிய எளிய உரைக் கோப்புகள், தலைப்பையும் இணைப்பையும் காட்ட ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் குறியீடுகள், சொந்தக் கணினியில் ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி. எந்தச் செயலி போனாலும் வேறொன்றில் திறக்கும்.

எளிதாக்கக் கூடாத ஒன்று

இப்போது நம் குறிப்புகளையெல்லாம் படித்துச் சுருக்கம் சொல்லும், கேள்விக்குப் பதில் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. பிறர் சொன்னவை குவிந்திருக்கும் முதல் வகையில் அவை நல்ல உதவி. உருபு மாறிய சொற்களையும் எழுத்து மாறிய பெயர்களையும் அவை பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடுகின்றன என்பது தமிழுக்கு ஆதாயம். ஆனால் ‘மொழி தெரிந்தவனிடம் ஊர் முறையிடுகிறது’ என்ற தலைப்பை அவற்றிடம் விட்டுவிட்டால் நாவலாசிரியருக்குச் செய்ய எதுவும் மிஞ்சாது. அந்தப் பக்கத்தை இந்த ஆள் இப்படித்தான் பார்த்தார் என்பதே நாவலின் முதலீடு.

ஒழுங்கு என்பது ஒரே தடவையில் கட்டி முடிக்கும் வேலையுமல்ல. புதிதாகத் தொடங்குபவர் பழைய குவியல் முழுவதையும் சீர்செய்யப் புறப்பட்டால் ஆக்டனின் பாதையில் கால் வைத்துவிடுவார். பழையது அப்படியே கிடக்கட்டும். கையிலிருக்கும் கதைக்கோ கட்டுரைக்கோ ஒரு பக்கம் திறந்து, அதற்கு வேண்டியதை மட்டும் குவியலிலிருந்து எடுத்துத் தன் சொல்லில் எழுதி இணைத்தால் போதும். வேலை முடிந்ததும் பயன்படாமல் மிஞ்சிய சிந்தனைக் குறிப்புகள் அடுத்த வேலைக்கு விதையாக இருக்கும். இப்படி இரண்டு மூன்று வேலைகள் முடிந்தால் அமைப்பு தானே உருவாகிவிடும். அதன் தலைப்புகளும் முன்கூட்டி யோசித்தவையாக இல்லாமல் எழுதியவற்றிலிருந்து வந்தவையாக இருக்கும்.

ஒருவருடைய குறிப்பமைப்பு எப்படி இருக்கிறதென்று அறிய அதில் எத்தனை குறிப்புகள் உள்ளன என்று கேட்பதில் பயனில்லை. கடந்த ஓராண்டில் எத்தனை குறிப்புகள் அதைவிட்டு வெளியேறி ஏதேனும் ஒரு பத்தியாக, காட்சியாக, வாதமாக ஆயின என்று கேட்க வேண்டும். அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் செயலியை மாற்றுவதால் எதுவும் மாறாது. அடுத்த குறிப்புக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் மலிவான சோதனை.